நாற்பத்தெட்டு நிமிடம்

புதிதாக வந்த அதிவேக விமானத்தில் டொராண்டோவிலிருந்து மதுரைக்கு நாற்பத்தெட்டு நிமிடம். அதனால் அம்மாவின் சாவுக்குச் சண்முகக்கனிக்கு மூன்று மணி நேர விடுப்புதான் கிடைத்தது. போக வர ஆகும் நேரம் நீங்கலாக, துக்கத்துக்கு எண்பத்து நான்கு நிமிடம் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். மதுரையில் இறங்கினால் வீட்டுக்கு இன்னும் நூறு கிலோமீட்டர் சாலை உண்டு. அது எந்தக் கடிதத்திலும் இல்லை.

சாத்தூர்ப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே கார் நின்றபோது அண்ணன் கூப்பிட்டான்.

"எங்க நிக்க? நாப்பத்தெட்டு நிமிசத்துல வாறவளுக்கு இம்புட்டு நேரமான்னு சித்தி கேக்கா."

"சாத்தூர்ல நிக்கேன். நான் வராம எடுத்துராதிய அண்ணே."

சித்தியைச் சொல்லி என்ன? நினைத்தால் வந்துவிடலாம் என்று சண்முகக்கனியும் மூன்று வருடமாக வராமல்தானே இருந்தாள். அந்த எண்ணம் நெஞ்சைக் கடித்தபோது மேலாளர் கூப்பிட்டார். அவரும் தமிழர்தான்.

"உங்க ரிட்டர்ன் ஃப்ளைட் கிளம்பப் போகுது. ஏர்போர்ட்டுக்கு வந்துட்டீங்களா?"

"இன்னும் அம்மா முகத்தையே பாக்கல சார்."

"ஏன்? ஃப்ளைட் லேட்டா?"

"இல்ல."

"அப்புறம் என்ன பிரச்சினை?"



"எங்கம்மா ஏர்போர்ட்ல சாகல சார். கோவில்பட்டியில, எங்க வீட்டுல செத்திருக்கா."

மறுமுனையில் அவர் ஏதோ படிவத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். சண்முகக்கனி போனை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, நின்றிருந்த லாரிகளுக்கு இடையே தெற்கே வீட்டை நோக்கி நடந்தாள்.