இல்லாத வாசனை

"லீக் இருக்குன்னு சொல்லுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

கேஸ் கடை வேலையில் வசந்தன் எத்தனையோ வீடுகளைப் பார்த்தவன். லீக் இருக்கக்கூடாதே என்று சாமியைக் கும்பிடுகிறவர்கள்தான் எல்லாரும். இருக்க வேண்டும் என்று அவனையே கையெடுத்துக் கும்பிட்டவள் இந்தத் தேன்மொழி அக்கா ஒருத்திதான்.

பெர்மாஸ் ஜெயாவில் அவள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது அந்த மோட்டார்ஹோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய வண்டி. கணவர் திருச்செல்வம் ஆசை ஆசையாக வாங்கியது. அடுத்த மாதம் செனாய் தொழிற்சாலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றதும், இருவரும் தாய்லாந்து வரை ஊர் சுற்றக் கிளம்புவதாக ஏற்பாடு.

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? லீக் இருந்தா ஆபத்து லா."

"இல்லன்னாதான் ஆபத்து தம்பி." தேன்மொழி முடியை ஒதுக்கிக் காதுக்கு மேலிருந்த தழும்பைக் காட்டினாள். "போன வருஷம் தலையில கட்டின்னு ஆபரேஷன் பண்ணாங்க. அதுக்கு முன்னாடி வீடு முழுக்க ரப்பர் கருகுற வாசனை எனக்கு மட்டும் வந்துச்சு. அந்த மாதிரி இல்லாத வாசனை திரும்ப வந்தா, கட்டியும் திரும்ப வளருதோன்னு பாக்கணும், உடனே வந்துடுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இப்போ கொஞ்ச நாளா மத்தியானத்துல வேனுக்குள்ள வந்தாலே கேஸ் வாசனை வருது."

"அண்ணனுக்கு?"

"அவரு வேலை முடிஞ்சு வர்றப்போ இருட்டிடும். அந்நேரத்துல எனக்கே வராது. அவர்கிட்ட இன்னும் மூச்சு விடல. நீங்க லீக்குன்னு சொல்லிட்டா சொல்லவே வேணாம் பாருங்க."

வசந்தன் வண்டிக்குள் ஏறினான். தகரக் கூரை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுப்புக்குக் கீழே இருந்த கேஸ் தோங், அதாவது சிலிண்டர், வண்டியோடு வந்த வெளிநாட்டுச் சரக்கு. நம்மூர் தோங் என்றால் காலியைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை வாங்கிக்கொண்டு போய்விடலாம். இதை எந்தக் கடையும் மாற்றிக் கொடுக்காது. பெரிய தோங்கைத் தலைகீழாக நிறுத்தி, குழாய் வழியாகக் கேஸை இதற்குள் இறக்க வேண்டும். போன வாரம் வசந்தன்தான் இறக்கிக் கொடுத்தான். பாவம், தூரப் பயணம் போகிறார்களே என்று தாராளமாகவே நிரப்பிவிட்டிருந்தான்.

சோப்பு நுரையைக் குழாயில் தடவினான். ரெகுலேட்டர், அடுப்பின் இணைப்புகள் என்று வழக்கமாகக் கசியும் இடங்களிலெல்லாம் தடவிப் பார்த்தான். ஒரு குமிழ்கூடக் கிளம்பவில்லை.

"நுரை கிடக்குது தம்பி. வசந்தன் மூக்கு மெஷின் மாதிரி, அவன் மோந்து பாத்துச் சொன்னா மாறவே மாறாதுன்னு உங்க முதலாளி சாதிக் பாட்சாவே சொல்லியிருக்காரு. மோந்து பாருங்க. எனக்கு இப்பக்கூட வருது. நல்லா வருது!"

வசந்தன் குனிந்து தோங்கின் அருகே முகத்தை வைத்தான். கண்ணை மூடி இழுத்தான். மறுபடியும் இழுத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவள் முகம் மலர்ந்துவிடும், டீ போட்டுக் கொடுத்து அனுப்புவாள். ஆனால் அந்த வார்த்தையை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டால்? அந்தப் பாவத்தை எங்கே கொண்டு போய்க் கழுவுவது?

"இல்லக்கா. எனக்கு ஒண்ணும் வரல."

சொன்னது உண்மைதான். இருந்தும் அவளை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

தேன்மொழி வண்டிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, லீவு சொல்லிட்டு வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆமாங்க, அதேதான். வேனை விலைக்குக் கேட்டாரே யோங் பெங் ஊர்க்காரரு, அவர்கிட்டயே கொடுத்துடுங்க."

போனை வைத்துவிட்டு, "அந்தத் தோங்கை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி, இனிமே நாங்க எங்க போகப் போறோம்" என்றாள். மோட்டார்ஹோமின் சன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினாள். அவளே தைத்த திரைகள். வசந்தன் தோங்கைக் கழற்றி லாரியில் ஏற்றினான்.

கடைக்கு வந்து, லாரியிலிருந்து அந்தத் தோங்கை மார்போடு அணைத்து இறக்கினான். கல்லாவில் இருந்த முதலாளியின் மகள் பரக்கத் நிஷா, துடோங் முக்காட்டின் முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"அலமாக்! என்னண்ணே, கேஸ் இப்படி நாறுது? அளவுக்கு மேல ரொப்பிட்டீங்களா? வெயில்ல சூடேறி, சைடு வால்வு வழியா கக்குது பாருங்க. இதைப் போய்க் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறீங்களே, உங்களுக்கு வரலையா?"

கொரோனாவில் படுத்து எழுந்த நாளிலிருந்து வசந்தனின் மூக்குக்கு மல்லிகைப் பூவும் ஒன்றுதான், கேஸும் ஒன்றுதான். சொன்னால் வேலை போய்விடும் என்று அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.