டிரில்லிங் செக்‌ஷன் கையுறைகள்

ஒயர் கூடையைக் கவிழ்த்ததும் காலி டிபன் பாக்ஸ் விழுந்தது, வெற்றிலைச் சுருள் விழுந்தது, கூடவே நான்கு ஜோடி புதுக் கையுறைகளும் விழுந்தன.

"இப்ப இன்னா சொல்றே?" என்றான் வாட்ச்மேன் மஸ்தான், ஷெட் பெருக்கும் வேம்புலியம்மாளைப் பார்த்து.

அவள் குனிந்து வெற்றிலைச் சுருளை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஸ்டோர்கீப்பர் கஜபதி தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரு மாதமாக அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்த அளவுக் கம்பெனி எதிலும் கையுறை கொடுப்பதில்லை. டிரில்லிங் செக்‌ஷன் ஆட்களுக்குத் தினமும் கை கீறுகிறதே என்று மேனேஜரிடம் மன்றாடி, தானே பாரிமுனைக்குப் போய், கடைகடையாக ஏறி, மாட்டிப் பார்த்து வாங்கிவந்தவை. கனத்த பருத்தி நூலில் பின்னியவை. கையில் போட்டால் அத்தனை மெத்தென்று இருக்கும்.

நல்லதைக் கொடுத்தால் யார் மதிக்கிறார்கள்? டிரில் ஓட்டும் பால்ராஜ், "இத்த மாட்டிக்கினா வேல ஓடாது சார்" என்றான். சோம்பேறி. கையுறை போடாதவனுக்கு மெமோ என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டிய பிறகுதான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போட்டார்கள். உடனே அவை காணாமல் போக ஆரம்பித்தன. இன்று கொடுத்தால் நாளை இல்லை. நீதான் விற்கிறாயா என்று மேனேஜர் அவரையே கேட்டுவிட்டார்.

"உன் ஊரு வானகரத்துல யாருக்கு விக்கிறே?" என்று கேட்டார் கஜபதி.

"விக்கல சார்."

"பின்ன, குளிருக்கு மாட்டிக்கினு தூங்கறியா?" மஸ்தான் சிரித்தான்.

"அடுப்புல போட்டுடுவேன்."

கஜபதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திமிரப் பாரு! வெல்டிங் பக்கம் தோல் கிளவுஸ் கிடக்குது, கண்ணாடி கிடக்குது. இதைவிட விலை ஜாஸ்தி. அதெல்லாம் உன் கண்ணுல படலையா?"

"அது அவுங்களுக்கு வேணும் சார். அத்த நான் ஏன் தொடறேன்?"

"ஓ, எது வேணும் எது வேணாம்னு நீ முடிவு பண்றியா? பெருக்கறவ?"

"மேனேஜரும் இப்டித்தான் சார் கேட்டாரு. அவராண்ட மொதல்லயே போய்ச் சொன்னேன். 'நீ கூட்டறவ, போய்க் கூட்டு'ன்னாரு."

கஜபதி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். தேதி போட்டார். கையும் களவுமாக, என்று எழுதத் தொடங்கினார். இந்தத் தாள் மேனேஜர் மேசைக்குப் போனால் நாளை இவளுக்கு வேலை இல்லை. இவள் சம்பளத்தில் நான்கு பேர் சாப்பிடுகிறார்கள். அதற்கு அவர் என்ன செய்ய முடியும்?

"அப்படி என்னத்தச் சொன்னே மேனேஜர்கிட்ட?" நிமிராமலே கேட்டார்.

"சுத்தற மெஷின்ல இத்தப் போடக்கூடாது சார். வெறுங்கையின்னா கீறும், அவ்ளோதான். இது நூலு. ஒரு பிரி மாட்டிச்சுன்னா போதும், டிரில்லு சுத்திக்கும். கையோட சேத்து இஸ்துக்கும். உருவவே முடியாது."

"இதெல்லாம் யார் உனக்குச் சொன்னது? பால்ராஜா?"

"யாரும் சொல்லல சார். இங்க வர்றதுக்கு முன்ன பாடி ஏரியாவுல ஒரு சின்னப் பட்டறையில கூட்டிக்கினு இருந்தேன். ஒருநாளு டிரில்லு மெஷினு அடியில இதே மாரி கிளவுஸ் ஒண்ணு கெடந்துச்சு. எவனோ கயட்டிப் போட்டுட்டுப் போய்ட்டான்னு கையில எடுத்தேன்."

கஜபதியின் பேனா நின்றது.

"காலியா இல்ல சார்."