நடந்து வந்த செருப்பு

சத்தியமாக இதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியதில்லை. மலை மடத்தில் ஒருவர் அப்போஸ்தலரின் கதையை வாசிக்க, மற்றவர்கள் கேட்டு எழுதுவார்கள். ஒருநாள் சகோதரர் யோனான் கண்ணயர்ந்து நாலு வரியைக் கோட்டைவிட்டார். திரும்பக் கேட்க வெட்கம். அப்போஸ்தலர் ஆற்றங்கரையில் மறந்துவிட்ட செருப்பு தானாகவே அவர் பின்னால் நடந்து வந்தது என்று எழுதி இடத்தை நிரப்பிவிட்டார். ஏடு ஊர் ஊராகப் போயிற்று. பத்தாம் வருஷம், நடக்க முடியாத மகளைச் சுமந்துகொண்டு ஒருத்தி மலையேறி வந்தாள்.

“அந்தச் செருப்பை இவள் ஒரு தடவை தொட்டுக்கட்டும், சாமி. ஆறு நாள் நடை. இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

யோனானுக்கு முகம் எரிந்தது. தலை நிமிராமல், தன் காலில் கிடந்த பிய்ந்த செருப்பைக் கழற்றி நீட்டினார். சிறுமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“இன்னும் சூடா இருக்கும்மா!”

அந்த மடத்தில் யாரும் செருப்புப் போடுவதில்லை; அன்று காலைவரை யோனானும் வெறுங்கால்தான்.