கூக்காலுக்கு வராத கடியாரம்

"கேளுங்க சம்மந்தி. 'பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைத் தராத உங்களைக் கோர்ட்டு வாசலில் நிறுத்தாமல் விடமாட்டேன்.' எப்படி?" என்று எழுதியதை வாசித்துக் காட்டினார் தண்டாயுதபாணி.

அழகனுக்குப் புல்லரித்தது. தனக்காகக் கோபப்பட இப்படியும் ஒரு மனிதர், அதுவும் மாப்பிள்ளையைப் பெற்றவர்.

"கோர்ட்டெல்லாம் வேணுமாங்க?"

"நீங்க இப்படிப் பயந்தா கம்பெனிக்காரன் நம்ம தலையில மொளகா அரைப்பான். காசு குடுத்தவன் கேக்கணும். அது நம்ம உரிமை."

தை மாதம் அழகன் மகள் மாயக்காளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் உள்ளூர்தான். கைக்கடியாரம் இல்லாமல் பையன் மணவறையில் உட்கார மாட்டான் என்று நிச்சயதார்த்தத்தன்றே தண்டாயுதபாணி கறாராகச் சொல்லியிருந்தார். விளம்பரத்தைக் காட்டி மெட்ராஸ் கம்பெனிக்கு மணியார்டர் செய்யச் சொன்னவரும் அவர்தான். ஒன்றரை மாதமாகியும் பார்சல் வந்தபாடில்லை. மகள் வாழ்க்கை அந்தரத்தில் நிற்கிறதே என்று அழகனுக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்கோ எழுதப் படிக்கத் தெரியாது.

பத்து நாளில் கம்பெனியின் பதில் வந்தது. தண்டாயுதபாணிதான் படித்துச் சொன்னார்.

"பார்சலை யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கிட்டாங்களாம். ரசீதைக் கூட வச்சு அனுப்பியிருக்கான்."

"யாரு கையெழுத்துங்க?"

"யாரு கண்டா? கோழி கிறுக்குன மாதிரி கெடக்கு" என்று ரசீதை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மலைக்கிராமமான கூக்காலில் தபாலுக்காக யாரும் வீட்டில் காத்திருப்பதில்லை. பூண்டு மூட்டையோடு சந்தைக்குப் போகிறவர் எவரோ, அவரே தபாலாபீசில் நுழைந்து ஊருக்கு வந்ததையெல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்துவிடுவார். அதனால் அழகனுக்கு யார்மேல் சந்தேகப்படுவதென்றே தெரியவில்லை.

தண்டாயுதபாணி விடவில்லை. அடுத்த கடிதத்தில் மந்திரிக்கு நகல் போவதாக எழுதினார். கம்பெனி ஆடிப்போய்விட்டது. தப்பு தங்களுடையதல்ல என்றாலும் பேர் கெடாமலிருக்க இன்னொரு கடியாரம் அனுப்பியிருப்பதாகப் பதில் போட்டது.

"பாத்தீங்களா? நாளைக்கு வெள்ளனே சந்தைக்குப் போறேன். நானே வாங்கிட்டு வந்துர்றேன்."

"நல்லா இருக்கே. சம்மந்தியை என் பார்சலைத் தூக்க விடுறதா? ஊரு என்ன பேசும்? நானே போறேங்க."

தண்டாயுதபாணி எவ்வளவோ சொல்லியும் அழகன் கேட்கவில்லை. மரியாதை என்று வந்துவிட்டால் அவர் பிடிவாதக்காரர்.

மறுநாள் தபாலாபீசில் போஸ்ட்மாஸ்டர் சுவாமிநாதன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிஜிஸ்தரைப் புரட்டினார். அழகன் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்.

சாயங்காலம் அழகன் ஊர் திரும்பியபோது தண்டாயுதபாணி தெருமுனையிலேயே நின்றிருந்தார்.

"எங்க பார்சல்?"

"அதுவும் வரலைங்க சம்மந்தி."

தண்டாயுதபாணிக்கு முகம் சிவந்தது. வீட்டுக்குள் போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தார்.

"ஏழை பாழைன்னா இளக்காரமாப் போச்சு அவனுக்கு. இந்தத் தடவை கிழிச்சுத் தொங்கவிடுறேன். சொல்லுங்க, என்ன எழுதணும்?"

"மொதப் பார்சலை வாங்குனவரு பேரை எழுதுங்க. 'தண்டாயுதபாணி'ன்னு ரிஜிஸ்தர்ல முத்து முத்தா இருக்காம். அந்தக் கடியாரத்தையே மாப்பிள்ளைக்குக் கட்டிரலாம்" என்ற அழகன், சட்டைக் கையை மேலே தள்ளி மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். "வெரசா எழுதுங்க சம்மந்தி, மணி அஞ்சே கால் ஆச்சு."