இடப்பக்கத்து இருமல்

இருட்டறைக்குள் நுழையும் முன்பே, கண் டெஸ்ட் எடுக்கிற பெண் ஷர்மினி எனக்குச் சட்டம் போட்டுவிட்டாள்.

"அங்கிள், உள்ள உக்காரலாம். ஆனா பேசக்கூடாது. ஜோக் அடிக்கவே கூடாது. ஆன்ட்டி சிரிச்சா தலை ஆடும், டெஸ்ட் கெட்டுப்போயிடும் லா."

பாசிர் கூடாங்கில் இருபத்திரண்டு வருடமாகத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறேன். பின்னால் நாற்பது பேர் தூங்கினாலும் வாய் மூடாமல் பேசிக்கொண்டே ஓட்டுகிறவன். என்னைப் போய்ப் பேசாதே என்கிறாள்.

தலையாட்டினேன்.

என் மனைவி சந்திரமதி ஒரு பெரிய வெள்ளைச் சட்டிக்குள் முகத்தை வைத்திருந்தாள். தாடைக்குத் தாங்கி. வலது கண்ணுக்குக் கறுப்பு மூடி. கையில் ஒரு பொத்தான். சட்டிக்குள் எங்காவது புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அமுக்க வேண்டும். அமுக்கினால் மெஷின் 'பீப்' என்னும்.

கிளௌக்கோமா. அவளுக்கு இடப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போய் மூன்று வருடம் ஆகிறது. சொட்டு மருந்து போட்டாயிற்று, இரண்டு தடவை ஆபரேஷனும் ஆயிற்று. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றுவோம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அப்புறம்தான் இந்த ஆராய்ச்சி. கம்பி ஒட்டிய கண்ணாடி ஒன்றை மாட்டிவிடுவார்கள். வெட்டு இல்லை, ஊசி இல்லை. லேசாக மின்சாரம் விட்டு, தூங்கிப்போன நரம்பையும் மூளையையும் தட்டி எழுப்பிப் பார்ப்பார்களாம். தினம் அரை மணி நேரம், பத்து நாள். பஸ்ஸில் தூங்குகிறவனை எழுப்பவே எனக்குத் தாவு தீர்ந்துவிடும். இவர்கள் மூளையை எழுப்புகிறோம் என்றால் விடுவேனா? வேண்டாம் வேண்டாம் என்றவளைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள் வெளியே வந்ததும் சொன்னாள்: "ஏங்க, ஓரத்துல லேசா தெரியுதுங்க."

அன்றைக்கு உலு திராமில் வீடு வரைக்கும் பாடிக்கொண்டே மோட்டார் ஓட்டினேன். பின்சீட்டில் இருந்தவள் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அதையே மருத்துவ அதிசயமாக எடுத்துக்கொண்டேன்.

பத்து நாளும் முடிந்து இன்று சோதனை. இடப்பக்கம் கொஞ்சமாவது தேறியிருந்தால் அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் நன்றி சொல்லி ஒரு குடை கொடுத்து அனுப்புவார்கள். குடை நல்ல குடைதான்.

ஷர்மினியின் திரை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது. சட்டிக்குள் வெளிச்சம் எங்கே வருகிறதோ, திரையில் அங்கே ஒரு கட்டம் மின்னும். அமுக்கினால் வெள்ளை. அமுக்காவிட்டால் கறுப்பு.

நடுவில் நாலைந்து வெள்ளை விழுந்தது. பீப். பீப்.

பிறகு இடப்பக்கம்.

கறுப்பு.

கறுப்பு.

மூன்றாம் நாள் தெரிகிறது என்றாளே, அதே ஓரம்தான்.

கறுப்பு.

நான் என் முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தேன். முழங்காலில் பொத்தான் இல்லை.

இருமினேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டிலோ கோயிலிலோ அவளுக்கு இடப்பக்கம் யாராவது வந்து நின்றால் நான் லேசாக இருமுவேன். உடனே அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்து, "வாங்க, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிடுவாள். இல்லையென்றால் 'பார்த்தும் பார்க்காத மாதிரி போறா, என்னா திமிரு' என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். எனக்கு ஆஸ்துமா என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டி ரொம்ப நாளாகிறது.

இருமல் கேட்டதும் சட்டிக்குள் அவள் சிரித்தாள். பக்கவாட்டில் கன்னம் மேலே ஏறியது தெரிந்தது.

அப்புறம்தான் யோசித்திருப்பாள்.

பீப்.

வெள்ளை.

அடுத்த வெளிச்சத்துக்கும் இருமினேன். வெள்ளை. அதற்கடுத்ததற்கும்.

தப்புதான். வராத பார்வைக்கு மார்க் வாங்கிக் கொடுக்கிறேன். ஆனால் இன்னும் ஒரு பத்து நாள் கிடைத்தால் வந்துவிடுமோ என்னவோ. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியே மூன்றாம் படிவப் பரீட்சை தாண்டியவன் நான். வேறு என்ன உதவி செய்யத் தெரியும் எனக்கு?

ஏழாவது இருமலில் ஷர்மினி எழுந்து வந்தாள். ஒரு தண்ணீர்ப் போத்தலை என் கையில் வைத்தாள்.

"அங்கிள், வெளிய போய் குடிங்க. ப்ளீஸ்."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னாள். போக வேண்டியதாயிற்று.

கதவு சாத்திக்கொண்டது. மெல்லிய பலகைதான். ஒட்டி நின்றேன்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். உள்ளே ஒரு பீப்கூட இல்லை.

நடைபாதையில் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியிலிருந்த பெரியவர் ஒருவர் இருமினார்.

பீப்.

தற்செயல் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடி இருமினார்.

பீப்.

அது நான் இல்லை, மதி. நான் இங்கே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். கதவைத் தட்டி இதைச் சொல்லலாமா? சொன்னால், அதுவரை இருமியது யார் என்றும் சொல்ல வேண்டிவரும்.

பெரியவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சைப் பிடித்தபடி குனிந்துவிட்டார். உள்ளே பீப், பீப், பீப். ஒவ்வொன்றுக்கும் அவள் யாருக்கோ சிரித்துக்கொண்டிருப்பாள்.

"தம்பி, அந்தத் தண்ணிய கொஞ்சம் குடுப்பா..."

போத்தலைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். கண்ணெல்லாம் நீர் கோத்திருந்தது அவருக்கு.

மூடியைத் திறந்து கொடுத்தேன்.

குடித்தார். இருமல் நின்றது.

உள்ளே பீப்பும் நின்றது.