புதன்கிழமை நீச்சல் வகுப்பு

"ஐயோ, முழுகறேன்! பிடிங்க, பிடிங்க!" என்று அலறிக்கொண்டே பஸ்தியான் கரையிலிருந்து நீட்டிய நீளக் கழியை எட்டிப் பிடித்தான். தண்ணீர் அவன் இடுப்பளவுதான் இருந்தது.

கழியின் மறுமுனையைப் பிடித்தபடி எலோடி மஞ்சள் பனியனில் கரையில் மிடுக்காக நின்றாள். "காலை உதைங்க முசியே! தண்ணி என்ன உங்க மாமியாரா, இப்படி நடுங்கறீங்க?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

"அதை நான் கேட்டேனா?"

பக்கத்தில் தண்ணீரில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த பூக்குல்லாய்ப் பெண்மணிகள் கொல்லென்று சிரித்தார்கள். பஸ்தியானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இன்றைக்கு இது நாலாவது திட்டு.

விஷயம் என்னவென்றால், இந்தப் பஸ்தியான் ஐம்பது மீட்டர் நீச்சலில் நான்கு முறை பிரான்சின் சாம்பியன். ஒரு தடவைகூட மூச்சு இழுக்காமல் இருபத்திரண்டு வினாடிக்குள் அக்கரையைத் தொடுகிறவன். ஆறு வாரத்துக்கு முன் ஒரு நண்பனைத் தேடி மர்த்தீக் ஊர் நகராட்சி நீச்சல்குளத்துக்கு வந்தவன், கழியும் கையுமாக நின்ற எலோடியைப் பார்த்தான். "எனக்கு நீச்சல் தெரியாது, கத்துத் தர்றீங்களா?" என்று வாய் தானாக உளறிவிட்டது.

அன்று முதல் புதன்கிழமை வந்தால் மார்செய்யில் இருக்கும் பயிற்சியாளரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு ஓடி வருகிறான். அவர் கணக்கில் இதற்குள் பாதிப் பல் போயிருக்க வேண்டும். பந்தயக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் நீச்சல்காரன் முகம் யாருக்குத் தெரிகிறது?

ஆனால் நாளைக்கு ஐரோப்பியப் போட்டி. கண்ணாடி இல்லாத அவன் முகத்தை டி.வி.யில் நாடே பார்க்கும், எலோடியும் பார்ப்பாள். 'ஏமாத்துக்காரன்' என்று வெறுத்துவிட்டால்? இன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தான்.

நிமிர்ந்து பார்த்தான். ஆறு வகுப்பிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படாத அவளுடைய சுருட்டை முடி நெற்றியில் ஆடிக்கொண்டிருந்தது. வாயால் சொல்வதைவிட நீந்திக் காட்டுவது சுலபம். கழியை விட்டுவிட்டுச் சுவரை உதைத்துப் பாய்ந்தான்.

அக்கரையைத் தொட்டு, புரண்டு, திரும்பி வந்து அவள் காலடியில் தலை தூக்கியபோது, பெண்மணிகள் திறந்த வாய் மூடாமல் நின்றார்கள். குளத்துத் தண்ணீரில் பாதி கரையில் கிடந்தது.

"மன்னிச்சிடுங்க. நான் சாம்பியன். உங்ககிட்ட பேசணும்னுதான் நீச்சல் தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

எலோடியின் முகம் தக்காளியாகச் சிவந்தது. எந்தப் பந்தயத்திலும் பஸ்தியானுக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

"ஏதாவது சொல்லுங்களேன். கோபம் இல்லைன்னா ஒரே ஒரு தடவை இறங்கி என்கூட நீந்துங்க. அது போதும்."

அவள் கழியைக் கீழே போட்டாள். "நீ யாருன்னு எனக்கு முதல் நாளே தெரியும். உன்னோட ஒரு ரேஸைக்கூட நான் டி.வி.யில விட்டதில்ல."

பஸ்தியான் தண்ணீரிலேயே ஒரு குதி குதித்தான். "அப்புறம் என்ன? இறங்கு!"

"ஐயோ, நான் வாசல்ல டிக்கெட் குடுக்கிறவ! புதன்கிழமை மாஸ்டருக்கு லீவுன்னு கழியைப் பிடிச்சு நிக்கறேன், எனக்கு நீச்சலே தெரியாது!"