கொஞ்சம் மங்கலாக்கிக் கொடு

"போட்டோ நல்லாத்தான் இருக்கு, கெங்கேஷ். கொஞ்சம் மங்கலாக்கிக் குடு."

தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தான் போட்டோகிராபர் கெங்கேஷ். படம் தெளிவாக இல்லையென்று சண்டைக்கு வந்தவர்கள் நாரின் நகரத்தில் நிறையப் பேர். தெளிவாக இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டது புருல் டீச்சர் ஒருத்திதான்.

கடைசி வகுப்பான பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகும் நாளில் டீச்சரோடு எடுத்துக்கொண்ட படம். பள்ளிக்கூட மண்டபத்தில் சுவர் நிறைய மாட்டப் போகிறார்கள்.

அதற்காக கெங்கேஷ் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரா ஃபைலாக எடுத்து, வெயிலைக் குறைத்து, நிழலைத் தூக்கி, ஒவ்வொரு முகமாக நிறம் பார்த்து, கடைசியில் ஒரு துளி விவரமும் சிதையாத டிஃப் ஃபைலாக மாற்றியிருந்தான். அதன் கனம் தாங்காமல் கம்ப்யூட்டர் நடுவில் உயிரை விட்டது. அதையும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

"அக்கா, மத்தவங்க குடுக்கறது வாட்ஸ்ஆப் படம். பெருசு பண்ணினா கஞ்சி மாதிரி கலங்கிடும். என்னோடதுல கண்ணிமையைக்கூட எண்ணலாம்!"

"அதான் வேணாங்கறேன்."

கெங்கேஷுக்குப் பொறி தட்டியது. அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். நெற்றியில் கோடு, கண்ணோரம் கோடு.

"ஓ, சுருக்கமா? மொதல்லயே சொல்லக் கூடாதா? பத்து வயசு குறைச்சுடறேன்."

டீச்சர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவசரமாகத் தலையாட்டினாள்.

"ஆமாம்ப்பா, சுருக்கம்தான். ஆனா படம் முழுக்கவே மங்கலாக்கிடு."

"உங்க ஒரு முகத்துக்காக அத்தனை பிள்ளைங்க முகத்தையும் கெடுக்கணுமா?"

"வயசானவளோட ஆசைன்னு வெச்சுக்கோயேன்."

அன்று சம்சா கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான் கெங்கேஷ். கடைக்காரன் ஒமோர் அடுப்பை விட்டுவிட்டு வந்து கேட்டான்.

"ரிட்டயராகப் போற நேரத்துல டீச்சருக்கு அழகு வேண்டியிருக்கா?"

"விடு. இந்தக் கையால மங்கலான படம் வெளியே போகாது. அவங்க முகத்தை மட்டும் வழவழன்னு ஆக்கி அனுப்பறேன். பாத்தா அசந்துடுவாங்க."

அப்படியே செய்தான். தலைநகர் பிஷ்கெக்கில் அச்சாகி, சுருட்டிய படம் வேனில் வந்து சேர்ந்தது. டீச்சர் அசரப்போவதைக் கண்ணால் பார்க்க, அவனே அதைத் தோளில் சுமந்துகொண்டு அவள் வீட்டுக்குப் போனான்.

தேநீரும் பொரித்த போர்சோக் ரொட்டியும் வைத்துவிட்டு, டீச்சர் படத்தைத் தரையில் விரித்தாள். தன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. மண்டியிட்டு, முன்வரிசையையே பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று.

"ஏம்ப்பா, இவ்வளவு சொல்லியும் மங்கலாக்கலையே!"

பதில் சொல்ல நிமிர்ந்தவனுக்கு வெயில் கண்ணைக் குத்தியது. எதிர் ஜன்னல் வெறுமனே கிடந்தது.

"திரை எங்கக்கா?"

"துவைக்கப் போட்டிருக்கேன்."

பக்கத்து ஜன்னலில் மட்டும் திரை இருந்தது. வெள்ளை லேஸ். ஓரம் முழுக்க ஜோடி ஜோடியாக அன்னங்கள்.

கெங்கேஷ் திரையைப் பார்த்தான். டீச்சரின் பார்வை போன இடத்தைப் பார்த்தான். முன்வரிசையில் சைகல் என்ற பெண், எல்லாப் பெண்களையும்போல பள்ளியை விட்டுப் போகும் நாளில் சீருடைமேல் கட்டும் வெள்ளை லேஸ் ஏப்ரன் கட்டி, தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏப்ரனின் ஓரத்தில் ஜோடி ஜோடியாக அன்னங்கள். அன்னத்தின் கண்கூடத் தெரிந்தது. அப்படி ஒரு தெளிவு!

"அவ அம்மா ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவ. ரொம்ப நாளா ஒரு போன்கூட இல்ல," டீச்சரின் குரல் தணிந்தது. "ஏப்ரன் இல்லாம வரமாட்டேன்னு இவ வீட்டுலயே உக்காந்துட்டா. பிஷ்கெக்ல வாங்கினதுன்னு சொல்லிக் கட்டி விட்டேன். அன்னிக்குக் கூட்டத்துல யார் கண்ணுலயும் படல. ஆனா இந்த ஊர்ல எல்லா அம்மாக்களும் இந்த ஜன்னலடியில டீ குடிச்சவங்கதானே? சுவத்துல இவ்வளவு பெருசா பாத்தா, என் திரைன்னு உடனே சொல்லிடுவாங்க."

"அந்த ஏப்ரனை மட்டும் அழிச்சுடட்டுமாக்கா?"

"ஒருத்தியை மட்டும் மங்கலாக்கினா எல்லார் கண்ணும் அவ மேலதானே விழும்?"

கெங்கேஷ் படத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். இருப்பதிலேயே சின்ன ஃபைல், இருப்பதிலேயே மட்டமான தரம். அதில் மாற்றி அச்சுக்கு அனுப்பினான். 'இந்தத் தரம் அச்சுக்கு ஏற்றதல்ல' என்று எச்சரித்தது கம்ப்யூட்டர். அவன் வழக்கமாக ஊருக்குச் சொல்லும் புத்திமதிதான். இருந்தாலும் பொத்தானை அமுக்கினான்.

திறப்பு விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. படத்தை மூடியிருந்த துணியை விலக்கியதும் ஒமோரின் குரல்தான் முதலில் கேட்டது.

"என்னய்யா இது, பனிமூட்டத்துல நின்னு எடுத்தியா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதற்கு நடுவில், "அதோ, முன்வரிசைல நான்!" என்று தோழிகளை இழுத்து வந்து காட்டிக்கொண்டிருந்தாள் சைகல்.

டீச்சர் எழுந்தாள். "அவனைப் பாத்து ஏம்ப்பா சிரிக்கறீங்க? என் சுருக்கம் தெரியக் கூடாதுன்னு நான்தான்..."

"டீச்சர் மேல ஒரு தப்பும் இல்ல," என்று குறுக்கே புகுந்தான் கெங்கேஷ். "ரொம்ப நாளா எனக்குத்தான் பார்வை சரியில்ல."